பல்பை மாற்றச் சொல்லும் முன்: வாடகைக்கு வீடு விட்டிருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வீட்டு உரிமையாளர்களுக்கு,

மதுரையில் வயர்மேன் வேலை பார்ப்பவன் நான். காம்பவுண்டு வீடுகள், மாடி போர்ஷன்கள், கடைக்கு மேலே எழுப்பிய இரண்டறை வீடுகள் என்று வாடகை வீடுகளில்தான் என் வேலையில் பெரும்பங்கு நடக்கிறது. உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. குடியிருப்பவர் போன் செய்து, "சார், லைட்டு மினுக் மினுக்குன்னு அடிக்குது" என்றால், "பல்பை மாத்திப் பாருங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிடாதீர்கள்.

வீட்டில் கோளாறு தொடங்குவதை முதலில் பார்ப்பவர் குடியிருப்பவர். போர்டைத் திறக்கவோ, சுவரைக் கொத்தவோ, மெயினை மாற்றவோ அவருக்கு உரிமை இல்லை. ஆணி அடித்தாலே அட்வான்ஸில் பிடித்துவிடுவார்களோ என்று பயப்படுகிறவர் அவர். அந்த உரிமை உள்ள நீங்களோ வேறு தெருவில், வேறு ஊரில் இருக்கிறீர்கள். மினுக்கல் உங்கள் கண்ணில் படாது. காணும் கண்ணும் சரிசெய்யும் கையும் வேறு வேறாக இருப்பதால் வாடகை வீட்டுக் கோளாறுகள் சொந்த வீட்டுக் கோளாறுகளைவிட அதிக நாள் உயிரோடு இருக்கின்றன. ஒரு லூஸ் கனெக்ஷன் முற்றுவதற்குத் தேவை நாட்கள்தான்.

பல்பே காரணமாக இருப்பதும் உண்டு. எல்.இ.டி. பல்புக்குள் டிரைவர் என்று சின்னதாக ஒரு சர்க்யூட் இருக்கிறது. மூடிய கூண்டுக்குள் சூட்டிலேயே கிடந்து அதிலுள்ள கெப்பாசிட்டர் காய்ந்தால் பல்பு சிமிட்ட ஆரம்பிக்கும். ஸ்விட்சை அணைத்துவிட்டு அதைக் கழற்றி வேறு அறையில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். சிமிட்டல் பல்போடு கூடவே போனால் பல்பில் கோளாறு. அங்கே போய் நன்றாக எரிந்தால் ஹோல்டரிலோ ஸ்விட்சிலோ வயரிலோ கோளாறு. ஸ்விட்சை அணைத்த பிறகும் பல்பு மங்கலாக எரிகிறது என்றால் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். ஸ்விட்சில் இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியே கசியும் துளி மின்சாரமே எல்.இ.டி.க்குப் போதும், பயமில்லை. இண்டிகேட்டர் இல்லாமலே எரிந்தால், ஸ்விட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் போடப்பட்டிருக்கலாம். அந்த வீட்டில் ஸ்விட்சை அணைத்தாலும் ஹோல்டரில் கரன்ட் நிற்கும். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறுகிறவர் அது தெரியாமல் கைவைப்பார். இதை உடனே வயர்மேனை விட்டு மாற்றச் சொல்லுங்கள்.

பல்பு கதை அவ்வளவுதான். இனி சொல்வதெல்லாம் பல்பைத் தாண்டியது.

போனில் புகார் வரும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஒரு லைட்டா, ஒரு அறையா, வீடு முழுக்கவா என்பது. ஒரு லைட் என்றால் அந்த ஹோல்டரும் அதன் ஸ்விட்சும். ஒரு அறை என்றால் அந்த ஸ்விட்ச் போர்டுக்கு வரும் ஜாயின்ட். வீடு முழுக்க என்றால் மெயின் போர்டு, மீட்டர் டெர்மினல், கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர். வீடு முழுக்க என்று பதில் வந்தால் பக்கத்து வீட்டிலும் அப்படியா என்று கேட்கச் சொல்லுங்கள். அங்கேயும் அடித்தால் கோளாறு தெருவில் இருக்கிறது, மின் வாரியத்திடம் சொல்ல வேண்டும். மின்னகம் 94987 94987 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் புகார் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே இல்லாமல் உங்கள் வீட்டில் மட்டும் என்றால் காத்திருக்க நேரமில்லை.

அடுத்த கேள்வி, எதைப் போடும்போது நடக்கிறது என்பது. மோட்டார் போட்ட கணத்தில் ஒரு சிமிட்டு சிமிட்டிவிட்டு நேராகிவிட்டால் அது இயல்பு. மோட்டார் கிளம்பும்போது ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரன்ட் இழுக்கும். கீசர் போட்டால் அது எரிகிற நேரம் முழுக்க ஹால் லைட் மங்குகிறது என்றால் இயல்பில்லை. இதற்குப் பல வீடுகளில், "வயர் பழசு, தூரம் அதிகம், அப்படித்தான் இருக்கும்" என்று சமாதானம் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயருக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம் தடை. மெயின் போர்டிலிருந்து 20 மீட்டர் தள்ளி ஓர் அறை இருந்தால் போக 20, வர 20. மொத்தத் தடை அரை ஓமைத் தொடாது. 10 ஆம்பியர் இழுத்தாலும் அந்த வயரில் விழுவது 5 வோல்ட்டுக்கும் கீழே. 230 வோல்ட்டில் 5 வோல்ட் குறைந்தால் கண் கவனிக்காது. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு லைட் மங்குகிறது என்றால் வழியில் எங்கோ ஒரு ஜாயின்ட் கெட்டிருக்கிறது.

இதில் இன்னொன்றும் உண்டு. பழைய குண்டு பல்பு வோல்டேஜ் இறங்கினால் உடனே மஞ்சளாகிக் காட்டிக்கொடுக்கும். நல்ல டிரைவர் உள்ள எல்.இ.டி. அப்படியில்லை, வோல்டேஜ் கணிசமாக இறங்கினாலும் அதே வெளிச்சம் தரும். ஆக, எல்.இ.டி. போட்ட வீட்டில் லைட்டே அடிக்கிறது என்று புகார் வந்தால் கோளாறு ஏற்கெனவே வளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். குடியிருப்பவரிடம் ஃபேனைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஃபேனின் வேகமும் சத்தமும் ஏறி இறங்குவது லைட்டைவிட முன்னதாகத் தெரியும்.

கெட்ட ஜாயின்ட் என்ன செய்யும்? சூடாகும். நல்ல ஜாயின்டில் தடை இருக்கிறதா என்றே தெரியாது. ஸ்க்ரூ தளர்ந்து, பிடிப்புக் குறைந்து, அங்கே அரை ஓம் தடை உருவாகிவிட்டது என்று வையுங்கள். 10 ஆம்பியர் போகும்போது அந்த ஒரு புள்ளியில் 50 வாட் வெப்பம் பிறக்கும். ஈயம் உருக்கிப் பற்ற வைக்க நான் பையில் வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைப்போல இரண்டு மடங்கு சூடு, சுவருக்குள், பிளாஸ்டிக் பெட்டிக்குள், பி.வி.சி. உறைக்கு நடுவே, கீசர் எரியும் ஒவ்வொரு காலையும்.

எம்.சி.பி. ட்ரிப் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் முதன்மையானது இதுதான் என்று நினைக்கிறேன். எம்.சி.பி. பார்ப்பது எவ்வளவு கரன்ட் போகிறது என்பதை மட்டும். லோடு அதிகமானால் விழும், ஷார்ட் ஆனால் விழும். லூஸ் கனெக்ஷனில் கரன்ட் கூடுவதில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் குறையும். 16 ஆம்பியர் எம்.சி.பி.யைப் பொறுத்தவரை அந்த 10 ஆம்பியர் சாதாரண உபயோகம். ஜாயின்ட் கருகிக்கொண்டிருக்கும், எம்.சி.பி. மேலேயே நிற்கும். "எல்லா ரூமுக்கும் எம்.சி.பி. போட்டிருக்கேன், ஒண்ணும் ஆகாது" என்று உங்களில் பலர் நம்பிக்கையோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். எம்.சி.பி. அவசியம். இந்தக் கோளாறுக்கு அது காவல் இல்லை. இதற்கு வீட்டில் இருக்கும் முதல் எச்சரிக்கை அந்த மினுக்கல்தான். அதோடு சில சமயம் வாடை வரும், கருகிய பிளாஸ்டிக் வாடை, அல்லது சமைக்காத நேரத்தில் மீன் கருகுவது போன்ற வாடை. ஸ்விட்ச் போர்டு சுடும், பிளக் பாயின்ட் பழுப்பேறும், ஸ்விட்சுக்குப் பின்னால் "ஸ்ஸ்" என்று இரைச்சல் கேட்கும்.

ஜாயின்ட் எங்கே கெடும் என்பது வீட்டின் வயதைப் பொறுத்தது. 1970-80களில் கட்டிய வீடுகளில் அலுமினிய வயர் நிறைய. அலுமினியம் மென்மையான உலோகம். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் வருடக்கணக்கில் நசுங்கி இளகும். காற்றுப் பட்டால் மேலே ஓர் ஆக்ஸைடு படலம் படியும், அது மின்சாரத்தைக் கடத்தாது. அதன் மேல் பிற்காலத்தில் ஏ.சி.க்கோ கீசருக்கோ காப்பர் வயர் இழுத்து, அலுமினியத்தோடு முறுக்கி, டேப் சுற்றி விட்டிருப்பார்கள். இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அரிப்பு இன்னும் வேகம். புது வீடுகளில் நோய் வேறு. அவசரத்தில் முடித்த வேலை. ஜங்ஷன் பாக்ஸுக்குள் நான்கு வயரைக் கையால் முறுக்கி, டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே பெயின்ட் அடித்து மூடியிருப்பார்கள். கட்டி முடித்துச் சில வருடம்தான் ஆகியிருக்கும். டேப்பின் பசை சூட்டில் இளகி விட்டிருக்கும்.

மழைக்காலத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மொட்டைமாடித் தளத்தில் ஊறும் தண்ணீர், வயர் போகும் பைப் வழியாக ஃபேன் ஹூக் பாக்ஸுக்கும் ஜங்ஷன் பாக்ஸுக்கும் இறங்கும். லைட் அடிக்கும், ட்ரிப் ஆகும். இரண்டு நாள் வெயிலடித்தால் சரியாகிவிடும். "காஞ்சிடுச்சு, இனி பிரச்சினை இல்லை" என்பார்கள். காய்ந்தது தண்ணீர் மட்டும். முனைகளில் பிடித்த பச்சைக் களிம்பு அங்கேயே இருக்கும், அடுத்த மழைக்கு அது இன்னும் கொஞ்சம் ஏறும். மழையில் அடித்த லைட்டை வெயிலில் பாக்ஸைத் திறந்து பார்க்க வேண்டும்.

இப்போது நியூட்ரலுக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் உண்டென்றால் இதைப் படியுங்கள். ஃபேஸுக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள், நியூட்ரலை யாரும் மதிப்பதில்லை. என் அனுபவத்தில் வாடகை வீடுகளில் பெரிய சேதங்கள் நியூட்ரல் வழியாகத்தான் வந்திருக்கின்றன.

உங்கள் கட்டடத்துக்கு மூன்று ஃபேஸ் சர்வீஸ் என்றால், ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். ஒரு ஃபேஸுக்கும் இன்னொரு ஃபேஸுக்கும் இடையே சுமார் 400 வோல்ட். ஹால் ஒரு ஃபேஸ், படுக்கையறை ஒரு ஃபேஸ், சமையலறை ஒரு ஃபேஸ் என்று பிரித்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் திரும்பும் வழி அந்த ஒரு நியூட்ரல். அது அறுந்துவிட்டால் மின்சாரம் நிற்காது. ஒரு ஃபேஸில் உள்ள பொருள் வழியாக நுழைந்து, அடுத்த ஃபேஸில் உள்ள பொருள் வழியாக வெளியே போகும். இரண்டு பொருளும் வரிசையாக 400 வோல்ட்டில் மாட்டிக்கொள்ளும். அதைச் சமமாகவும் பங்கிட்டுக்கொள்ளாது. ஒரு ஃபேஸில் 1000 வாட் அயர்ன் பாக்ஸும் இன்னொன்றில் 100 வாட் பொருளும் மட்டும் ஓடினால், அயர்ன் பாக்ஸுக்கு 40 வோல்ட்கூட வராது. அந்த 100 வாட் பொருளின் தலையில் 360 வோல்ட் இறங்கும். அது டி.வி.யாக இருக்கலாம், பிள்ளையின் லேப்டாப் சார்ஜராக இருக்கலாம். அப்போது ஓடும் கரன்ட் ஒரு ஆம்பியரைக்கூடத் தொடாது என்பதால் இங்கேயும் எம்.சி.பி. அசையாது.

இது முழுதாக அறுந்த நிலை. அறுவதற்கு முன் நியூட்ரல் தளரும், அப்போது வீடு ஒரு குறிப்பான அடையாளம் காட்டும். ஒரு அறையில் லைட் மங்கும்போது இன்னொரு அறையில் வழக்கத்தைவிடப் பிரகாசமாகும். மிக்ஸி போட்டால் படுக்கையறை ஃபேன் வேகமெடுக்கும். குடியிருப்பவர் எப்போதாவது, "ஒரு பக்கம் டிம் அடிக்குது, இன்னொரு பக்கம் பளிச்சுன்னு எரியுது" என்று சொன்னால், அடுத்த கேள்வி கேட்காதீர்கள். மெயினை அணைக்கச் சொல்லுங்கள், டி.வி., ஃபிரிட்ஜ் பிளக்குகளைப் பிடுங்கச் சொல்லுங்கள், வயர்மேனை அனுப்புங்கள். அதே கோளாறு தெருக் கம்பத்தில் நேர்ந்தால் சிங்கிள் ஃபேஸ் வீடுகளும் தப்பாது. வெவ்வேறு ஃபேஸிலிருந்து லைன் எடுத்த வீடுகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். தெருவில் ஒரே நாளில் நாலைந்து டி.வி. போகும் கதைகள் இப்படித்தான்.

சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்குள் நியூட்ரல் அறுந்தால் எல்லாம் அணைந்துவிடும். குடியிருப்பவர் டெஸ்டரை வைத்துப் பார்ப்பார், பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் எரியும். குழம்பிப்போய், கரன்ட் இருக்கிறது, பொருள்தான் ஓடவில்லை என்று தானே போர்டைக் கழற்ற முயல்வார். இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிந்தால் பெரும்பாலும் நியூட்ரல் அறுந்து, ஏதோ ஒரு பொருள் வழியாகக் கரன்ட் திரும்பி நிற்கிறது என்று அர்த்தம். நியூட்ரல் என்று நினைத்துத் தொடும் வயர் அடிக்கும். இந்த ஒரு விஷயத்தைக் குடியிருப்பவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

பழைய காம்பவுண்டு வீடுகளின் மெயினில் இரண்டு ஃபியூஸ் கேரியர் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஃபேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று. எர்த் செய்யப்பட்ட நியூட்ரலில் தனியாக ஃபியூஸோ ஸ்விட்சோ போடக்கூடாது என்று 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே இருக்கிறது. நியூட்ரல் ஃபியூஸ் போய்விட்டால் வீடு இருட்டாகும், வயர்கள் உயிரோடு இருக்கும். உங்கள் வீட்டில் இன்னும் அந்த இரண்டு கேரியர் இருந்தால், மழைக்கு முன்பு மாற்றுங்கள்.

அடுத்தது தமிழ்நாட்டு வாடகை வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல். வீட்டு இணைப்புக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், அதற்கு மேல் போகப் போக யூனிட் விலை ஏறும். அதனால் போர்ஷனுக்கு ஒரு மீட்டர் வாங்கிவிடுகிறீர்கள். ஒரு வீட்டை இரண்டாகத் தடுக்கும்போது ஃபேஸைக் கவனமாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். நியூட்ரல் பழையபடியே ஒன்றாகக் கிடக்கிறது, பக்கத்துப் போர்ஷன் ஜங்ஷன் பாக்ஸிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். லைட் எரிந்துவிடும், யாருக்கும் குறை தெரியாது. இங்கே ஃபேஸ் மீட்டரில் போகும் கரன்ட் வேறொரு மீட்டரின் நியூட்ரல் வழியாகத் திரும்பும். இரண்டு மீட்டருமே சந்தேகப்படும். பல எலெக்ட்ரானிக் மீட்டர்களில் "எர்த் லோடு" காட்டும் சின்னச் சிவப்பு விளக்கு இருக்கும், அது எரிய ஆரம்பிக்கும். ஒரு போர்ஷனில் மெயினை அணைத்து வேலை செய்கிற வயர்மேனுக்கு, அணைத்த வீட்டு நியூட்ரலில் அடுத்த வீட்டுக் கரன்ட் அடிக்கும். ஒரு போர்ஷனில் நியூட்ரல் தளர்ந்தால் இரண்டு குடித்தனங்களிலும் லைட் மினுக்கும், எந்த வீட்டில் கோளாறு என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வீட்டைத் தடுப்பதென்றால் ஃபேஸோடு நியூட்ரலையும் எர்த்தையும் மீட்டரிலிருந்தே தனியாக இழுக்கச் சொல்லுங்கள். வயர் செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

இதைவிட மோசமான ஒன்றையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். நியூட்ரல் கிடைக்காத அறையில் எர்த் வயரையே நியூட்ரலாகக் கொடுத்துவிடுவது. லைட் எரியும், ஃபேன் ஓடும். எங்காவது அந்த எர்த் அறுந்தால் அதோடு சேர்ந்த ஃபிரிட்ஜ் கதவு, வாஷிங் மெஷின் உடம்பு, கீசர் தொட்டி எல்லாவற்றிலும் கரன்ட் வந்து நிற்கும். குழந்தைகள் வெறுங்காலோடு ஃபிரிட்ஜைத் திறக்கும் வீடுகள் அவை. இதைச் செய்கிறவன் என் தொழில்காரனாக இருந்தாலும் அவனை நான் மன்னிக்க மாட்டேன். செலவைக் குறைக்கச் சொல்லி அவனை நெருக்கியவரும் அந்தப் பொறுப்பில் பங்கு ஏற்கத்தான் வேண்டும்.

நியூட்ரல் கலந்து கிடப்பது ஆர்.சி.சி.பி.யையும் பாதிக்கும். வீட்டுக்குள் போகும் கரன்ட்டையும் திரும்பி வரும் கரன்ட்டையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால், அதாவது யாரோ ஒருவர் உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ கரன்ட் வெளியே போகிறது என்றால், கண் இமைக்கும் முன் துண்டித்துவிடும். எம்.சி.பி. வீட்டு வயரைக் காக்கிறது, ஆர்.சி.சி.பி. ஆளைக் காக்கிறது. ஆனால் நியூட்ரல் கலந்து கிடக்கும் வீட்டில் ஆர்.சி.சி.பி. போட்டால் நிற்காது, விழுந்துகொண்டே இருக்கும். உடனே, "இது சும்மா சும்மா ட்ரிப் ஆகுது, எடுத்துடுங்க" என்று சொல்லிவிடுகிறீர்கள். அது விழுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கலந்த நியூட்ரலோ, கசியும் கீசர் காயிலோ, ஈரம் புகுந்த பைப்போ. சர்க்யூட் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தால் எது என்று அகப்பட்டுவிடும். ஆர்.சி.சி.பி.யை எடுக்கச் சொல்லி என்னைக் கூப்பிடாதீர்கள், அது ஏன் விழுகிறது என்று பார்க்கக் கூப்பிடுங்கள்.

குடியிருப்பவர் பக்கமும் தவறு உண்டு. மறுக்கவில்லை. கேட்காமல் ஏ.சி. மாட்டுகிறார்கள், ஒரே பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகி இண்டக்ஷன் அடுப்பும் கெட்டிலும் போடுகிறார்கள். 2000 வாட் கீசர் ஒன்றே 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருக கன்வெர்ட்டர் பிளக் வாங்கிக்கொள்கிறார்கள். இதற்கு வழி, வீடு கொடுக்கும்போதே சொல்லிவிடுவது. எந்த பாயின்டில் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போகிறது, எதில் 4, எது லைட்டுக்கு மட்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டும். உங்களுக்கே தெரியாவிட்டால், வயர்மேனை வைத்துப் பார்த்து மெயின் போர்டின் உள்கதவில் எழுதி ஒட்டுங்கள். ஏ.சி.க்கு என்று தனி லைன் போட்டுக் கொடுத்துவிட்டால் யாரும் வேறு பிளக்கைத் தேட மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், வீட்டுக்கு உள்ளும் வெளியும் உள்ள மின் வயரிங்கும் அதன் பராமரிப்பும் உரிமையாளர் பொறுப்பு என்று அதன் அட்டவணை பிரித்து வைத்திருக்கிறது. ஸ்விட்ச், சாக்கெட் போன்ற பழுதுகள் குடியிருப்பவர் பங்கு. நியாயமான பிரிவினை என்றே நினைக்கிறேன். கையில் தொடும் பொருள் அவருடையது, சுவருக்குள் போகும் வயர் உங்களுடையது. ஆனால் லூஸ் கனெக்ஷன் ஸ்விட்சில் இருக்கிறதா சுவருக்குள் இருக்கிறதா என்பது திறந்து பார்த்த பிறகுதான் தெரியும். திறந்து பார்க்கும் செலவை யார் கொடுப்பது என்று போனில் பேரம் பேசிக்கொண்டிருக்கும் நாட்களில்தான் ஜாயின்ட் கருகுகிறது. அந்த முதல் செலவை நீங்கள் கொடுத்துவிடுங்கள். காரணம் தெரிந்த பிறகு கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம்.

கூப்பிடும்போது மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று உள்ளவரைக் கூப்பிடுங்கள். மீட்டர் பெட்டி சீலை உடைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள், அது மின் வாரிய ஊழியர் வேலை. வருகிறவர் டெஸ்டரை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். டெஸ்டருக்கு மிகச் சிறிய கரன்ட் போதும், கெட்ட ஜாயின்டிலும் அது பிரகாசமாக எரியும். லோடு கொடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கீசரையோ அயர்ன் பாக்ஸையோ ஓடவிட்டு, மல்டி மீட்டரில் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மெயினை அணைத்து, மெகர் வைத்து இன்சுலேஷன் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெக் ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைனில் கசிவு இருக்கிறது. எர்த் பைப் எங்கே புதைத்தது என்று கேட்பார், பல வீடுகளில் அதன் மேல் சிமென்ட் தரை போட்டு மூடியிருப்பீர்கள். வருடக்கணக்கில் ஈரம் காணாத எர்த் பெயருக்குத்தான் எர்த்.

இதையெல்லாம் செய்ய ஏற்ற நேரம், ஒரு குடித்தனம் காலி செய்து அடுத்தது வருவதற்குள் கிடைக்கும் இடைவெளி. வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருப்பீர்கள். அவர் வருவதற்கு முந்தின நாள் வயர்மேனை வரச் சொல்லுங்கள். பெயின்ட் பூசி மூடும் முன் எல்லா ஜங்ஷன் பாக்ஸையும் திறந்து, முறுக்கி டேப் சுற்றியதையெல்லாம் வெட்டி, கனெக்டர் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். மெயின் போர்டில் ஒவ்வொரு ஸ்க்ரூவையும், முக்கியமாக நியூட்ரல் லிங்க்கில் உள்ளவற்றை, இறுக்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால் போடச் சொல்லுங்கள். இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள், அழுத்தியதும் விழாவிட்டால் மாற்றச் சொல்லுங்கள். புதிதாக வருகிறவரிடம் சாவி கொடுக்கும்போது அந்தப் பட்டனைக் காட்டி, மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மெயின் எங்கே இருக்கிறது, எப்படி அணைப்பது என்பதை வீட்டில் உள்ள பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் காட்டுங்கள். பகல் முழுக்க வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

அவர்களில் ஒருவர் உங்களுக்குப் போன் செய்து லைட் மினுக்குகிறது என்றால், எந்த லைட், எப்போது, எதைப் போடும்போது என்று கேளுங்கள். வாடை வருகிறதா, போர்டு சுடுகிறதா, எங்காவது பளிச்சென்று எரிகிறதா என்று கேளுங்கள். ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தாலும் மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு, அன்றைக்கே ஆளை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் வயர்மேன்களில் ஒருவன்